கேமரா மாட்டிய தொலைநோக்கி: சமநிலையில் நேரும் தவறுகள்

கண்ணை வைத்துப் பார்க்கும்போது தொலைநோக்கியின் சமநிலை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தெரியாது. கேமரா மாட்டினால் தெரிந்துவிடும். வானம் வினாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) நகர, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் நிமிடக்கணக்கில் அதே வேகத்தில் கூடவே திரும்ப வேண்டும். எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மோட்டார் திணறும், அச்சை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் வழுக்கும், விண்மீன்கள் படத்தில் புள்ளியாக விழாமல் இழுபட்டு நிற்கும். வானத்தோடு சேர்ந்து திரும்பும் ஆர்.ஏ. அச்சும், அதற்குச் செங்குத்தான டெக் அச்சும் கொண்டது ஈக்வடோரியல் மவுண்ட். அதில் அடிக்கடி நேரும் தவறுகளைப் பார்ப்போம்.

முதலாவது, பாதிப் பொருட்களை மாட்டிவிட்டுச் சமநிலை பார்ப்பது. 3 கிலோ தொலைநோக்கிக் குழாய் தனியாகச் சரியாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக் அச்சிலிருந்து 30 செ.மீ. பின்னால் 700 கிராம் கேமரா ஏறினால், மொத்தத்தையும் ஏறக்குறைய 6 செ.மீ. முன்னால் தள்ள வேண்டும். மூடியைக் கழற்றாமலும் ஃபோகஸ் செய்யாமலும் பார்த்த சமநிலையும் இப்படித்தான் வீணாகும். ஃபோகஸ் செய்ய உள்ளும் வெளியும் நகரும் ஃபோகசர் 4 செ.மீ. வெளியே வந்தால் கேமராவும் 4 செ.மீ. நகர்கிறது. ஃபோகஸ் கிடைத்த இடத்தை ஃபோகசர் குழாயில் ஒரு கோடு போட்டு வைத்து, அடுத்த முறை அந்த நிலையிலேயே சமநிலை பாருங்கள். குழாயை மவுண்டில் பொருத்தும் டவ்டெயில் பட்டையில் தள்ள இடம் போதாவிட்டால் நீளமான பட்டைக்கு மாறுவதே நல்லது. முன்பக்கம் எடை கட்டினால் மவுண்டுக்குத்தான் வீண் சுமை.

அடுத்தது டெக் அச்சு. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். குழாயின் எடையை ஈடுகட்டும் எதிர் எடை மாட்டிய கம்பியைக் கிடைமட்டமாக்கி ஆர்.ஏ. கிளட்சை இறுக்குங்கள். குழாயையும் கிடைமட்டமாக்கி, ஒரு கையால் பிடித்தபடியே டெக் கிளட்சைத் தளர்த்தி, முன்பின் தள்ளிச் சரிசெய்யுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்பி அப்படியே இருக்க, குழாயைச் செங்குத்தாக நிறுத்தி இன்னொரு முறை மெதுவாக விட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் ஃபைண்டர், கைடு ஸ்கோப் போன்ற சிறிய துணைத் தொலைநோக்கி தொங்கினால் குழாய் அந்தப் பக்கம் சாயும். எவ்வளவு முன்பின் தள்ளினாலும் இது தீராது. அந்தப் பொருளையே டவ்டெயிலுக்கு நேர் எதிரே, குழாயின் முதுகுக்கு மாற்ற வேண்டும். ஒளியைக் கண்ணாடியால் பக்கவாட்டில் திருப்பும் நியூட்டோனியன் தொலைநோக்கியில் கேமராவே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். வளையங்களைத் தளர்த்திக் குழாயைச் சுழற்றி, கேமரா டவ்டெயில் பக்கமோ அதன் நேர் எதிர்ப்பக்கமோ வருமாறு வையுங்கள்.

கிளட்சைத் தளர்த்தியும் அசையவில்லை, அதனால் சமநிலை வந்துவிட்டது என்று நம்புவதும் தவறு. சிறிய மவுண்ட்களில் கிரீஸின் இறுக்கமே குழாயைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரு விரலால் இரு திசையிலும் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு விசை வேண்டும்.

ஆர்.ஏ. அச்சில் நேரும் தவறு, கம்பியின் நுனியில் சிறிய எடையைத் தொங்கவிடுவது. 20 செ.மீ. தூரத்தில் 5 கிலோவும் 10 செ.மீ. தூரத்தில் 10 கிலோவும் சமநிலைக்கு ஒன்றுதான். ஆனால் முதலாவதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, இரு மடங்கு. காற்றில் ஆடினால் அடங்க நேரமாகும். மவுண்ட் தாங்குமென்றால் கனமான எடையை அச்சுக்கு அருகே வையுங்கள்.

துல்லியமான சமநிலைதான் சிறந்தது என்பதும் எப்போதும் சரியல்ல. பற்சக்கரங்களுக்கிடையே சிறு இடைவெளி உண்டு. எடை இரு பக்கமும் சரிசமமாக இருந்தால் பல் அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் தட்டும். கிழக்குப் பக்கம் சற்றே கனமாக இருந்தால் மோட்டார் எப்போதும் எடையைத் தூக்கியபடி இருக்கும், பல் ஒட்டியே நிற்கும். குழாய் மேற்கே இருந்தால் எதிர் எடையைச் சில மில்லிமீட்டர் வெளியேயும், கிழக்கே இருந்தால் உள்ளேயும் நகர்த்துங்கள். படமெடுக்கும் வான்பொருள் உச்சிவட்டத்தை (தலைக்கு மேலே வடக்குத் தெற்காகச் செல்லும் கோடு) கடந்து குழாய் பக்கம் மாறியதும் இதை மறுபடி மாற்ற வேண்டும். பலர் மறந்துவிடுவதால் இரவின் பிற்பாதிப் படங்கள் கெடுகின்றன.

கேமராவிலிருந்து நேராகத் தரைக்குத் தொங்கும் கேபிளும் ஓர் எடைதான், அதுவும் குழாய் திரும்பத் திரும்ப மாறும் எடை. குழாயில் ஓரிடத்தில் கட்டி, பிறகு தளர்வான ஒரு வளைவு விட்டு மவுண்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மாட்டும்போது எதிர் எடை முதலில், குழாய் பிறகு. கழற்றும்போது குழாய் முதலில். கம்பி நுனியிலுள்ள தடுப்புத் திருகை மறக்காதீர்கள். எடை வழுக்கினால் காலில் விழாமல் காப்பது அதுதான்.