இன்கோடெர்ம்ஸ் மனதில் நிற்க ஒரு கோடு, இரண்டு பேனா

லாஜிஸ்டிக்ஸ் படிக்கிற நம் டெல்டா பிள்ளைகளுக்கு: இன்கோடெர்ம்ஸ் 2020-இன் (சரக்கு விற்பனையில் செலவும் பொறுப்பும் விற்பவருக்கு எதுவரை, வாங்குபவருக்கு எங்கிருந்து என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகள்) 11 விதிகளையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு கோடு போட்டு, நீடாமங்கலம் ரைஸ் மில், தூத்துக்குடி துறைமுகம், கப்பல், கொழும்பு துறைமுகம், வாங்குபவரின் குடோன் என்று வரிசையாகக் குறியுங்கள். ஒவ்வொரு விதிக்கும், சரக்குக்கான பொறுப்பு (சேதமானால் இழப்பு யாருக்கு என்பது) கைமாறும் இடத்தில் சிவப்புப் புள்ளி. விற்பவர் எதுவரை செலவு செய்கிறாரோ அங்கே நீலப் புள்ளி.

இது ஏன் உதவுகிறது என்றால், 7 விதிகளில் இரண்டு புள்ளியும் ஒரே இடத்தில் விழும். சிஎஃப்ஆர் (CFR: விலையோடு கப்பல் வாடகை), சிஐஎஃப் (CIF: அதோடு காப்பீடும்), சிபிடி (CPT: சேருமிடம் வரை போக்குவரத்துக் கட்டணம்), சிஐபி (CIP: அதோடு காப்பீடும்) நான்கில் மட்டும்தான் பிரியும். தேர்வில் அதிகம் தடுமாற வைப்பதும் இவைதான். சிஐஎஃப்பில் கப்பல் வாடகையும் காப்பீடும் கொழும்பு வரை விற்பவர் தலையில். ஆனால் அரிசி மூட்டை தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதுமே பொறுப்பு வாங்குபவருடையது. நடுக்கடலில் நனைந்தால் அவர்தான் காப்பீடு கேட்க வேண்டும்.

சரக்கின் உரிமை எப்போது மாறுகிறது என்ற கேள்விக்கு இந்தக் கோடு உதவாது. அதை விற்பனை ஒப்பந்தம்தான் சொல்லும். அப்புறம், எஃப்ஏஎஸ் (FAS: கப்பல் அருகே ஒப்படைப்பது), எஃப்ஓபி (FOB: கப்பலில் ஏற்றி ஒப்படைப்பது), சிஎஃப்ஆர், சிஐஎஃப் நான்கும் கடல், உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு மட்டுமே. அரிசியைக் கன்டெய்னரில் அடைத்து யார்டிலேயே ஒப்படைத்துவிட்டால் எஃப்சிஏ (FCA: வாங்குபவர் ஏற்பாடு செய்த போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பது), சிபிடி, சிஐபி பக்கம் போவதே சரி.