ஜெபத்தில் ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகிறதா? தேதியைப் பாருங்கள்

வேதாகமத்தின் ஜெபப் பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில், இன்றைய தேதி எதுவோ அந்த எண் சங்கீதத்தை எடுங்கள். அதோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் இன்னும் நான்கு கிடைக்கும். 23ஆம் தேதி என்றால் 23, 53, 83, 113, 143. ஐந்தையும் மேலோட்டமாகப் பார்த்து, மனதைத் தொடுகிற ஒன்றை வைத்து ஜெபியுங்கள். 150 சங்கீதங்களும் 30 நாளில் கண்ணில் பட்டுவிடும். எதை வாசிப்பது என்று பக்கம் புரட்டுவதில் நேரம் போகாது.

வசனத்தை வாசித்து முடித்துவிட்டு ஜெபிக்க வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் நின்று ஜெபியுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்ற வரியிலேயே இந்த மாத வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். அடுத்த வரி வேறொரு காரியத்தை நினைவுபடுத்தும். கவனம் சிதறுவது பெரும்பாலும் பக்திக் குறைவால் அல்ல, சொல்ல வார்த்தை இல்லாததால்தான். அதைச் சங்கீதமே கொடுத்துவிடுகிறது. பத்து நிமிடம் போதும், வசனம் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை.

29ஆம் தேதி 119ஆம் சங்கீதம் வரும். அதில் 176 வசனங்கள். அதை 31ஆம் தேதிக்கு ஒதுக்கி, எட்டு வசனம் கொண்ட ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். குடும்ப ஜெபத்தில் சிறு பிள்ளைகள் இருந்தால், 27ஆம் தேதி வரும் இரண்டே வசனமுள்ள 117 நல்ல தொடக்கம். 19ஆம் தேதி வரும் 109 சாப வார்த்தைகள் நிறைந்தது. அவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டாம், 139 இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலிலோ துக்க வீட்டிலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். "ஆண்டவரே, இரங்கும்" என்பதே அங்கே முழு ஜெபம்.