அறிவியல் பெயரில் செதில்: எங்கே தவறு நடக்கிறது

பெயரைப் பார்த்ததும் உறவு சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. வண்ணத்துப்பூச்சிகளின் வரிசைக்கு லெபிடோப்டெரா, அதாவது செதில் சிறகு என்று பெயர், அழுங்குகளுக்கு ஃபோலிடோட்டா, பல்லி, ஓணான், பாம்புகளுக்கு ஸ்குவாமாட்டா. மூன்று பெயரும் செதிலைத்தான் சொல்கின்றன, அதற்காக மூன்றும் சொந்தமாகிவிடாது. வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் தூளாக ஒட்டுவது பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருளால் ஆன, தட்டையாகிப்போன மயிர். அழுங்கின் செதில் நம் நகத்தைப் போலக் கெரட்டின். அது குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பாலூட்டி. அதைப் போய் ஊர்வனவற்றில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, ஓசையை நம்புவது. செதிலுக்குக் கிரேக்கத்தில் லெபிஸ். பெயர்களில் அது லெபிடோ என்று வரும். லத்தீனில் லெபிடஸ் என்று ஒரு சொல் உண்டு, அதற்கு அழகான, நயமான என்று பொருள். ஐரோப்பாவில் டிமோன் லெபிடஸ் என்று ஒரு பெரிய பல்லி இருக்கிறது. பச்சை உடம்பு, விலாவில் வரிசையாக நீலப் புள்ளிகள். உடம்பு முழுக்கச் செதில் இருப்பதால் பெயருக்கும் அதுதான் பொருள் என்று எழுதிவிடுகிறார்கள், பெயர் வைத்தவரோ அதன் அழகைத்தான் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது, அதனால்தான் தவறாக விளக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. எகிஸ் காரினேட்டஸ், நம் சுருட்டை விரியன். இந்தப் பெயரில் செதில் என்ற சொல்லே இல்லை, ஆனால் செதிலைப் பற்றியதுதான்: காரினேட்டஸ் என்றால் நடுவில் வரம்பு, அதாவது நீண்ட மேடு, உள்ளது. விலாப்பக்கத்தில் அந்த வரம்புள்ள செதில்கள் ஒன்றோடொன்று உரசித்தான் ரம்பம் அறுப்பது போன்ற சத்தம் வருகிறது.

தாவரங்களில் இன்னும் கவனம் வேண்டும், அங்கே பெரும்பாலும் தோற்றத்தை வைத்துத்தான் பெயர். சீத்தா மரம் அனோனா ஸ்குவாமோசா, அதாவது செதில் நிறைந்தது. பழத்தின் மேல் இருக்கும் ஒவ்வொரு மேடும் பூவிலிருந்த ஒரு சூலகத்தின் நுனி. லெபிடோடென்ட்ரான் என்ற புதைபடிவ மரத்தின் தண்டில் சாய்சதுரமாகத் தெரிவதும் செதில் இல்லை, இலை உதிர்ந்த தழும்பு.

அப்புறம் பெயரின் ஈறு. ஸ்குவாமோசஸ், ஸ்குவாமோசா, ஸ்குவாமோசம் மூன்றும் ஒரே சொல்தான், முன்னால் வரும் பேரினப் பெயரின் (அனோனா போன்ற முதல் சொல்லின்) பாலுக்கு ஏற்ப மாறுகிறது. பல பேரினங்களில் இது வருவதால் வெறும் ஸ்குவாமோசா என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்றே தெரியாது. பேரினத்தையும் சேர்த்து எழுதுங்கள்.