தைராய்டு ரிப்போர்ட்டைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

உடம்பு அசதி, முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது, மலச்சிக்கல். உடனே பக்கத்து லேபில் ஒரு தைராய்டு டெஸ்ட். மாலையில் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும்: டி3, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள்), டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) என்று மூன்று வரி, அதில் ஒன்று தடித்த எழுத்தில். அந்தத் தடித்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இத்தனை காலமாக நடக்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் விழுகிற குழிகள் ஏறக்குறைய ஒரே குழிகள். ரிப்போர்ட்டில் பெயர், வயது சரிதானா என்று பார்ப்பது போன்ற தெரிந்த சங்கதிகளை விட்டுவிட்டு, உண்மையில் உடம்பைக் கெடுக்கும் தவறுகளுக்கு வருவோம்.

டிஎஸ்எச் 12 என்றால் "தைராய்டு ஜாஸ்தி" என்பது

தலைகீழ். டிஎஸ்எச்சைச் சுரப்பது தைராய்டு அல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுணங்கினால் பிட்யூட்டரி அதை விரட்டுகிறது, டிஎஸ்எச் ஏறுகிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்கிறது, டிஎஸ்எச் இறங்குகிறது. பெரும்பாலான லேப்களில் நார்மல் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை. பக்கத்தில் ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) இல்லாமல் இந்த எண்ணை முழுசாகப் படிக்க முடியாது. டிஎஸ்எச் ஏறி ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் அது தெளிவான குறைபாடு. டிஎஸ்எச் மட்டும் ஏறி ஃப்ரீ டி4 நார்மலாக இருந்தால் ஆரம்பநிலை.

ஒரே ஒரு தடவை வந்த 6.2

இதை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை தொடங்கக் கூடாது. ஆரம்பநிலையில் இருக்கும் பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் அது தானாகவே இறங்கிவிடும். ஃப்ரீ டி4, டிபிஓ ஆன்டிபாடி (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது) இரண்டையும் சேர்த்து மறுபடி பார்த்த பிறகுதான் பேச்சு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6 என்பது பல சமயம் வயதுக்கு இயல்பான எண்தான். கர்ப்பிணி, கர்ப்பத்துக்கு முயல்பவர், டிஎஸ்எச் 10-ஐத் தாண்டியவர்: இவர்கள் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

டோஸ் மாற்றிப் பதினைந்தாம் நாள் ரத்தம் கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமாக இப்படிப் போகும். டிஎஸ்எச் 14. தைராக்ஸின் (டி4-ஐயே மாத்திரையாகக் கொடுப்பது) 50 மைக்ரோகிராம் தொடங்குகிறார்கள். அசதி தீரவில்லையே என்று பதினைந்தாம் நாளே லேபுக்குப் போனால் 11. "மருந்து பிடிக்கல" என்று 75 ஆகிறது. மூன்று வாரத்தில் 7.8. இப்போது 100. இரண்டு மாதம் கழித்து வரும் ரிப்போர்ட்டில் 0.08, கூடவே நெஞ்சுப் படபடப்பு, கைவிரல் நடுக்கம், ராத்திரி தூக்கமில்லை. பயந்துபோய்த் திரும்ப 50. முதலில் கொடுத்த 50-ஐ எட்டு வாரம் விட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

காரணம் எளிது. தைராக்ஸினின் அரை ஆயுள் சுமார் 7 நாள். இன்று போட்ட மாத்திரையில் பாதி அடுத்த வாரமும் உடம்பில் இருக்கும், அதன்மேல் தினமும் புதிது சேரும். ரத்தத்தில் அளவு நிலைக்க ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதற்கும் பின்னால்தான் வரும். ஆகவே டோஸ் மாற்றினால் அடுத்த ரத்தம் 6 முதல் 8 வாரம் கழித்து. பிராண்ட் மாற்றினாலும் அதே கணக்கு. பதினைந்தாம் நாள் எண் பாதி நிரம்பிய தொட்டியின் மட்டம். அதைப் பார்த்துக் குழாயை இன்னும் திறந்தால் தொட்டி வழியத்தான் செய்யும். வயதானவர்களுக்கு இந்த வழிதல் சின்ன விஷயமில்லை. டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும்.

எட்டு வாரம் கழித்தும் டிஎஸ்எச் இறங்கவில்லை என்றால் டோஸை ஏற்றுவதற்கு முன்னால் மாத்திரை வயிற்றுக்குள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். "ஒழுங்காத்தான் போடறேன் டாக்டர்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, காலை 6 மணிக்கு மாத்திரை, 6.05-க்கு ஃபில்டர் காபி, காபியோடு கால்சியம் மாத்திரை என்று போவதைத்தான் ஒழுங்கு என்று நினைத்திருப்பார்கள். தைராக்ஸினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். காபி, டீ, டிபன் எதுவானாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்கான ஆன்டாசிட் சிரப் மூன்றுக்கும் 4 மணி நேர இடைவெளி. இவை தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைக் கேட்காமல் டோஸை ஏற்றினால் இன்னொரு வலை விரிகிறது. கால்சியத்தோடு சேர்த்தே போட்டுக்கொண்டு 125 வரை ஏறியவர், மூன்று மாதக் கால்சியம் கோர்ஸ் முடிந்ததும் நிறுத்துகிறார். அதுவரை பாதி வீணாய்ப்போன 125 இப்போது முழுசாக ஏறுகிறது. அடுத்த ரிப்போர்ட் 0.05. மருந்துச் சீட்டில் எதுவுமே மாறியிருக்காது.

அடுத்து, டப்பாவை மேசையில் கொட்டி எண்ணுங்கள். நூறு மாத்திரை டப்பாவைத் திறந்து முப்பது நாள் ஆனால் எழுபது மிச்சம் இருக்க வேண்டும். எழுபத்தெட்டு இருந்தால் எட்டு நாள் போடவில்லை. ஏற்ற வேண்டியது டோஸ் இல்லை. டப்பா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அடுப்புக்கு மேலே உள்ள ஷெல்ஃபில், மூடி சரியாக இறுகாமல் இருந்தால் சூட்டிலும் ஈரத்திலும் தைராக்ஸின் வீரியம் இழக்கும்.

டெஸ்டுக்கு முந்தின நாலைந்து நாள் மட்டும் சரியாகப் போடுவோரும் உண்டு. ரிப்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும்: ஃப்ரீ டி4 நார்மல், டிஎஸ்எச் மட்டும் 15. சில நாள் மாத்திரையில் டி4 நிரம்பிவிடும், டிஎஸ்எச் இறங்க வாரக்கணக்கில் ஆகும். இதைப் பார்த்து டோஸை ஏற்றினால் ஆபத்து. விட்டுப்போனதை டாக்டரிடம் சொல்லிவிடுவதில் வெட்கமே இல்லை, சொல்லாவிட்டால்தான் தவறான டோஸ் வரும்.

டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை. முன்னால் போட்டால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 உயர்ந்து நிற்கும். டிஎஸ்எச் விடியற்காலையில் கூடி மதியத்தில் குறையும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதே லேப், ஏறக்குறைய அதே நேரம்.

முடி மாத்திரையோடு ரத்தம் கொடுப்பது

முடி கொட்டுகிறவர்தான் தைராய்டு டெஸ்டுக்குப் போகிறார், அவரேதான் பயோட்டின் மாத்திரையும் போடுகிறார். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். முடி, நக மாத்திரைகளில் இருப்பது பல சமயம் 10 மில்லிகிராம், அதாவது முன்னூறு மடங்குக்கும் மேல். பல லேப் இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்தக் கணக்கு குழம்பும்: டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி3, ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடும். பார்த்தால் அச்சு அசலாக ஹைப்பர் தைராய்டு, அதாவது தைராய்டு அதிகமாகச் சுரப்பது. ஆளோ அசதியாக, குளிர்கிறது என்கிறார். ஆளும் ரிப்போர்ட்டும் இப்படி முரண்பட்டால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அதைவிட அதிக டோஸ் என்றால் இன்னும் முன்பே.

காய்ச்சலோடு டெஸ்ட்

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது டி3-யும் டிஎஸ்எச்சும் குறையும், தேறி வரும்போது டிஎஸ்எச் கொஞ்ச நாளுக்கு ஏறும். அவசரக் காரணம் இல்லையென்றால் குணமாகி ஆறு வாரம் கழித்து.

ஆன்டிபாடியை மாதாமாதம் பார்ப்பது

வேண்டாம். டிபிஓ 300 ஆனாலும் 900 ஆனாலும் வைத்தியம் ஒன்றுதான்.

டிஎஸ்எச் குறைந்ததும் கார்பிமசோல்

டிஎஸ்எச் குறைந்து டி4 கூடினால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், அல்லது வீங்கிப்போய் ஏற்கெனவே சேர்த்து வைத்ததைக் கசியவிடலாம். பிரசவமான சில மாதங்களில் இரண்டாவது வகை வரும், தானே அடங்கும். கார்பிமசோல் சுரப்பைத்தான் தடுக்கும், கசிவைத் தடுக்காது. டிஆர்ஏபி (தைராய்டைத் தூண்டிவிடும் ஆன்டிபாடி) ரத்தப் பரிசோதனையோ, கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனோ காரணத்தைப் பிரித்துக் காட்டும். (ஸ்கேனுக்கு முன் தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லிவிட வேண்டும்.) கார்பிமசோல் போடுகிறவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்துவது

"குழந்தைக்கு ஆகாது" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். தைராக்ஸின் தாராளமாக ஆகும், அது இல்லாமல்தான் ஆகாது. முதல் மாதங்களில் குழந்தைக்கு வேண்டிய ஹார்மோன் தாயிடமிருந்தே போகிறது. ஏற்கெனவே போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் டோஸ் 25, 30 சதவீதம் கூட வேண்டியிருக்கும் என்பதால் கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பாதிக் கர்ப்பம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். மொத்த டி4 கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும், அந்தத் தடித்த எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

டிஎஸ்எச் 2.1, அதனால் தைராய்டு சரி

பெரும்பாலும் சரிதான். அப்போது அசதிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, சர்க்கரை, தூக்கம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். ஆனால் பிட்யூட்டரியே பழுதானால் ஃப்ரீ டி4 0.5 என்று குறைந்து கிடக்கும்போதும் டிஎஸ்எச் 2.1 என்றே காட்டும், டிஎஸ்எச் மட்டும் பார்க்கும் டெஸ்ட் இதை முழுசாகத் தவறவிடும். பிரசவத்தில் ரத்தம் கொட்டியவர், அதன் பிறகு பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை, வருஷக்கணக்கில் அசதி என்றால் அந்தப் பிரசவத்தைப் பற்றி டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர்களுக்கு ஃப்ரீ டி4-உடன் காலை 8 மணி கார்டிசாலும் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) பார்க்க வேண்டும். கார்டிசால் குறைந்திருக்கும்போது தைராக்ஸினை முதலில் தொடங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்; ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் பிறகு.