படகின் எரிபொருள் கணக்குக்கு இரண்டே எண்கள்

பயணக் குறிப்பேட்டில் தேதி, இடத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முறை டேங்க்கை முழுதாக நிரப்பும்போதும் எஞ்சின் ஹவர் மீட்டர் (எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரத்தைக் காட்டும் கருவி) காட்டும் எண்ணையும் ஊற்றிய லிட்டரையும் எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், தண்ணீர் தெறித்தாலும் எழுத்து கலையாது.

போன தடவை நிரப்பியதிலிருந்து 6 மணி நேரம் ஓடி, இப்போது 24 லிட்டர் பிடித்தால் மணிக்கு 4 லிட்டர். அலையில் படகோடு சேர்ந்து எரிபொருள் முள்ளும் ஆடும், அதை நம்ப முடியாது. காற்றும் நீரோட்டமும் மாறுவதால் தூரக் கணக்கும் சரிவராது. வழக்கமான வேகத்தில் போயும் இந்த எண் திடீரென ஏறினால், ப்ரொப்பெல்லர் நெளிந்திருக்கிறதா, படகின் அடியில் பாசி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அரைகுறையாக நிரப்புகிறவர்களுக்கு இது உதவாது. ஒரு நாள் மெதுவாக, மறுநாள் முழு வேகத்தில் என்று ஓட்டினாலும் சராசரி ஏமாற்றிவிடும்.