ஏற்காடு வெயிலும் கொல்லைக் கற்றாழையும்

ஏற்காடு குளிர்ச்சியாகத்தானே இருக்கும் என்று நம்பி, தொப்பிகூட இல்லாமல் அரைக்கைச் சட்டையோடு பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சேர்வராயன் கோயில் மேட்டில் மத்தியானம் வரை சுற்றினேன். சேலம் திரும்பியதும் கையும் பின்கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்து, காலர் பட்டாலே எரிந்தது. காற்று சில்லென்று இருந்தால் வெயில் உறைக்காது, ஆனால் உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம்.

பக்கத்து வீட்டு அண்ணன் பற்பசை தடவச் சொன்னார். நல்லவேளை, அம்மா விடவில்லை. ஐஸும் கூடாது, நேராக வைத்தால் தோல் இன்னும் கெடும். பழைய வேட்டித் துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்துக் கால் மணி நேரம் போட்டு எடுத்தேன், அன்றைக்கு நாலு தடவை; பாதி எரிச்சல் அதிலேயே அடங்கியது. அப்புறம் கொல்லையில் இருந்த சோற்றுக்கற்றாழை. வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் தடவ வேண்டும், அந்தப் பால் பட்டால் சிலருக்கு அரிக்கும். செலவு என்று பார்த்தால் குடித்த இளநீர் இரண்டு, அவ்வளவுதான். மூன்றாம் நாளுக்குமேல் தோல் உரிந்தது, கை சும்மா இருக்காது, இருந்தாலும் பிய்க்காமல் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டேன். கொப்புளமோ காய்ச்சலோ வந்திருந்தால் நேரே டாக்டரிடம்தான் போயிருப்பேன்.