சரக்குக்கு முன்னால் பணம்: நியாய வணிக ஸ்டால் போடுவது எப்படி

பெங்களூர் அல்சூரில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு சிறு சங்கம் நடத்துகிறோம். கைவினைப் பொருட்களை நியாய வணிக முறையில், அதாவது செய்கிறவருக்கு நியாயமான கூலி கிடைக்கும்படி வாங்கி அபார்ட்மெண்ட்களில் ஸ்டால் போட்டு விற்கிறோம். "எங்க ஏரியாவிலும் ஆரம்பிக்கணும், எங்கேருந்து தொடங்கறது?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். பொருளைத் தேடும் முன் பணத்தைத் திரட்டுங்கள். நாங்கள் ஆளுக்கு 2,500 போட்டு 20,000 ரூபாயில் தொடங்கினோம்.

ஏன் என்றால், "வித்தா காசு, விக்கலேன்னா திருப்பித் தர்றோம்" என்று சரக்கு எடுப்பதுதான் பல கடைகளின் வழக்கம். சங்கத்துக்கு வருவதற்கு முன் நான் தைத்த 60 துணிப்பைகளை ஒரு கடை அப்படித்தான் வாங்கிக்கொண்டது. நாலு மாதம் கழித்து ஒன்றுகூட விற்காமல், மடிப்பெல்லாம் தூசிக் கோடு விழுந்து திரும்பி வந்தன. துவைத்தும் கோடு போகவில்லை. துணிக்குப் போட்ட பணம் என்னுடையது, நஷ்டமும் என்னுடையது. செய்கிறவர் தலையில் இந்த பாரத்தை ஏற்றிவிட்டு நியாய வணிகம் என்று பலகை மாட்டவே கூடாது. உலக நியாய வணிக அமைப்பின் 10 கொள்கைகளில் இதற்கு இடம் இருக்கிறது: கைவினைஞர் கேட்டால் ஆர்டர் தொகையில் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். அவர்கள் கேட்கும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. கேட்கக் கூச்சப்படுபவர்களே அதிகம்.

முதல் சரக்கைப் பக்கத்திலேயே பாருங்கள். எங்களுக்கு மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணம். மைசூர் ரோட்டில் சுமார் 60 கிலோமீட்டர், ரயிலிலும் போகலாம். போனதும் விலை பேசாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். கடைசல் மெஷினில் சுழலும் வெட்பாலைக் கட்டையின் மேல் மஞ்சள் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டுகிறது. பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்க்க, மங்கலாக இருந்த மஞ்சள் கண்ணெதிரே பளபளக்கும்.

பார்த்த பிறகு கணக்கைக் கேளுங்கள். எங்களுக்குக் கிலுகிலுப்பை செய்யும் அக்கா ஒரு நாளில் 20 செய்வார். நாள் கூலி 800 வேண்டும் என்றார். அப்படியானால் ஒன்றுக்குக் கூலி 40. மரமும் அரக்கும் 25, கரண்டும் மெஷின் தேய்மானமும் 10. ஆக 75 ரூபாய். நாங்கள் அதில் பேரம் பேசவில்லை. வண்டி, ஸ்டால் வாடகை, பை எல்லாவற்றுக்கும் 25 சேர்த்து 100க்கு விற்கிறோம். இந்தக் கணக்கை அப்படியே ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஸ்டாலில் வையுங்கள். "ஆன்லைன்ல கம்மியா கிடைக்குதே" என்று வருபவர் அட்டையைப் படித்துவிட்டு இரண்டாக வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. சான்றிதழ் பெறாமல் எந்த நியாய வணிக முத்திரையையும் அச்சடித்து ஒட்டாதீர்கள், அது பொய். அடுத்தது, பொம்மைக்கு ஐஎஸ்ஐ தர முத்திரை எங்கே என்று கேட்பார்கள். 2021 முதல் அது கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அவரையே ஸ்டாலில் உட்கார வையுங்கள். எப்படிச் செய்கிறார் என்று அவர் வாயால் கேட்டால் குழந்தைகள் நகரவே மாட்டார்கள்.

நாள் குறிக்க மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை நல்லது, அது உலக நியாய வணிக தினம். ஆனால் சாயங்காலம் நம்ம ஊர் மழை பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடி வேண்டாம், கிளப் ஹவுஸையோ கார் பார்க்கிங்கையோ கேளுங்கள்.

முன்பணம் போக பாக்கிப் பாதியைச் சரக்கு கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடுங்கள், "ஸ்டால் முடியட்டும்" என்று தள்ளாதீர்கள். மீந்தால் அது உங்கள் சரக்கு, நீங்கள்தான் விற்க வேண்டும். போன வருஷம் எங்களிடம் 14 கிலுகிலுப்பை மீந்தது. ஸ்டாலுக்கு வந்தவர்களில் யார் வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தோம். தொட்டில் போடும் விசேஷங்களுக்கே பதினாலும் போய்விட்டன.